மேரி, மரியா, மர்யம், மரியாள்: திருகோணமலையில் பிறக்கும் பிள்ளைக்கு எந்த வடிவம்?

திருகோணமலையில் இந்தப் பெயருக்குக் குறைவில்லை. உப்புவெளியில் ஒரு மேரி ரீச்சர் இருப்பார், கிண்ணியாவில் ஒரு மர்யம் ராத்தா, பாலையூற்றில் ஒரு மரியா அன்ரி. பழைய வேதப் புத்தகத்தைத் திறந்தால் மரியாள். எல்லாம் ஒரே பெயரின் கிளைகள். எபிரேயத்தில் மிர்யாம்; அரமேயத்திலும் அரபியிலும் மர்யம்; கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் மரியாம், மரியா என்று இரண்டும் வரும்; இலத்தீனிலும் போர்த்துக்கீசத்திலும் மரியா; பிரெஞ்சில் மரீ; ஆங்கிலத்தில் மேரி. "மாதா பெயர்தான் வைக்கவேணும்" என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகும் எந்த மாதிரி எழுதுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

எங்கள் வீட்டில் மரியா என்று வைத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகையால் கீழே மரியாவுக்கு இடம் கூடுதலாகவே இருக்கும். மற்ற வடிவங்களில் எது நல்லது, எது எங்கே இடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பொருளைப் பார்த்துத் தெரிவு செய்ய நினைப்பவர்கள் அதில் அதிகம் மினக்கெட வேண்டாம். கசப்பு, எதிர்த்து நிற்றல், விரும்பிப் பெற்ற பிள்ளை, எகிப்திய வேரில் அன்புக்குரியவள் என்று பல விளக்கங்கள் இருக்கின்றன. எதிலும் அறிஞர்கள் ஒருமித்ததில்லை. "கடலின் விண்மீன்" என்ற விளக்கம் துறைமுகப் பட்டினமான எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது வேதாகமத்தை மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ் இலத்தீனில் "கடலின் துளி" என்று எழுதியதைப் படியெடுத்தவர்கள் ஓர் எழுத்து மாற்றியதால் வந்தது என்பதே பரவலான கருத்து. எப்படியிருந்தாலும் நான்கு வடிவங்களுக்கும் பொருள் பொதுவானது. ஆகவே பொருளை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சமயமும் பாதி முடிவைத் தானாகவே எடுத்துவிடும். முஸ்லிம் குடும்பத்துக்கு மர்யம். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம், 98 வசனங்கள், அந்தப் பெயரிலேயே இருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண்ணும் அவர்தான். அங்கே மேரியா மரியாவா என்ற பேச்சுக்கே இடமில்லை, எழுத்துக்கூட்டல் மட்டும்தான் பிரச்சினை. கத்தோலிக்க, மெதடிஸ்த வீடுகளில்தான் மூன்று நான்கு வடிவங்கள் ஒன்றோடொன்று போட்டி போடும்.

முடிவு செய்வது கடதாசி

பிள்ளையின் பெயர் வாழ்நாள் முழுக்க மூன்று எழுத்துமுறைகளுக்குள் போய் வரும். பிறப்புப் பதிவு தமிழில். கொழும்பில் இருக்கும் எந்தத் திணைக்களத்துக்குப் போனாலும் சிங்களத்தில் எழுதக்கூடும். பரீட்சைச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு என்று வரும்போது ஆங்கிலம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் வதிவிட அட்டையில் அரபியும் சேரும். ஒவ்வொரு தடவையும் ஓர் எழுதுவினைஞர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர் எழுதுவதற்கு எல்லாரும் ஒரே மாதிரிப் பின்பற்றும் விதி எதுவும் நடைமுறையில் இல்லை. ஓர் எழுத்து மாறிவிட்டால் "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டிவரும். விசா, வங்கிக் கணக்கு, காணி உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

ஆகவே பெயரைச் சோதிக்க ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். பெயரைத் தமிழில் எழுதி, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை, தமிழைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தொடங்கிய இடத்துக்கே பெயர் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். தெரிந்த சிங்கள நண்பர் இருந்தால் அவரையும் நடுவில் சேர்க்கலாம். நான்கு வடிவங்களையும் இந்தச் சோதனையில் போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மேரி

இந்தச் சோதனையில் முதலிடம் உண்மையில் மேரிக்குத்தான். அதை மறைப்பதற்கில்லை. மேரி என்று சொன்னால் எம், ஏ, ஆர், வை என்று நான்கு எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள்; அந்த நான்கு எழுத்தைக் கண்டவரும் மேரி என்றே திருப்பி எழுதுவார். பிரித்தானியர் கடற்படைத் தளம் நடத்திய ஊர் இது; ஆங்கில வடிவம் இங்கே நன்றாக ஊறிவிட்டது.

பிறகு ஏன் மேரி வைக்கவில்லை? சிக்கல் மேரியில் இல்லை, மேரியோடு சேர்ந்து வரும் பெயரில் இருக்கிறது. இந்தப் பெயர் எங்கும் நிறைந்து கிடப்பதால் தனியே மேரி என்று வைப்பவர்கள் மிகக் குறைவு. மேரி ஸ்ரெல்லா, மேரி ஜெனிற்றா, றோஸ்மேரி, ஆன் மேரி என்று இரட்டையாகத்தான் வரும். இரட்டைப் பெயர் ஊருக்குள் எந்தத் தொந்தரவும் தராது; வீட்டில் ஸ்ரெல்லா என்று கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்திலும் அப்படியே. கடல் தாண்டினால்தான் பிசகும். அங்கே முதலில் நிற்கும் சொல்லையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்வார்கள். மேரி ஸ்ரெல்லாவும் அவளுடைய தங்கை மேரி ஜெனிற்றாவும் கனடாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் இரண்டு பேரும் மேரி. முஸ்லிம் வீடுகளில் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால் பாத்திமா சேர்ப்பதால் வரும் தொல்லையும் இதேதான்.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பது அடுத்தது. றோஸ்மேரி பிறப்புப் பதிவில் ஒரு சொல்லாகவும் பரீட்சைச் சான்றிதழில் இரண்டு சொல்லாகவும் விழுந்திருக்கும். நடுவில் சிறுகோடு போட்டாலும் தீராது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் இலக்கத்துக்கும்தான் இடம்; பெயரில் உள்ள சிறுகோடு அங்கே இடைவெளிக் குறியாக மாறிவிடும். விமானச் சீட்டிலோ இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு வரும்.

இடத்தையும் எண்ணிப் பாருங்கள். இயந்திரம் வாசிக்கும் முதல் வரியில் மொத்தம் 44 இடங்கள். முன்னால் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் 5 போக, பெயருக்கு 39. குடும்பப் பெயர்க் கட்டத்தில் சூசைப்பிள்ளை அந்தோனிப்பிள்ளை என்று இரண்டு பெயர் வந்தால், வழக்கமான ஆங்கில எழுத்தில் 12, ஓர் இடைவெளி, 13, ஆக 26. அதற்குப் பிறகு பிரிப்புக்கு 2 இடம். மேரிக்கு 4, இடைவெளி 1, ஸ்ரெல்லாவுக்கு 6. மொத்தம் சரியாக 39. மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் அது அந்த வரியில் ஏறாது. மேல் பக்கத்தில் முழுப் பெயரும் இருக்கும், கீழ் வரியில் குறைந்திருக்கும். சட்டப்படி அது பிழையே அல்ல, ஆனால் இணைய விண்ணப்பங்களில் எதை நிரப்புவது என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம் வரும்.

பிரான்ஸ் பக்கம் உறவுகள் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம், ஏ, ஆர், வை என்ற எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் மாரி என்றுதான் வாசிப்பார். அவர்களிடம் இந்தப் பெயர் எம், ஏ, ஆர், ஐ, ஈ. அந்தப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை இங்கேயும் சிலர் அழகுக்காக எடுத்துக்கொள்கிறார்கள்: தமிழில் மேரி, ஆங்கிலத்தில் ஐயும் ஈயும். அப்படிச் செய்தால் மேரிக்கு இருந்த ஒரே பெரிய பலமும் போய்விடும். தமிழ்ப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பவர் வழமைப்படி வை போட்டு எழுதுவார். அடையாள அட்டையில் ஐயும் ஈயும் இருக்கும்.

தட்டச்சுச் சிக்கலும் ஒன்று உண்டு, சிறியதுதான். எங்கள் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல்கள் இன்னும் புழங்குகின்றன. அதில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிக்க வேண்டும். யுனிகோட்டுக்கு மாற்றும்போது சில வேளை கொம்பு இடம் மாறி நிற்கும். அல்லது இரட்டைக் கொம்பு ஒற்றையாகி மேரி மெரியாகிவிடும். மரியா, மரியாள், மர்யம் மூன்றிலும் கொம்பே இல்லை. அந்த ஆபத்தும் இல்லை.

மரியாள்

தமிழுக்கு மிக நெருக்கமான வடிவம் இது. ஆள் விகுதி பெண்பால் என்பதைத் தானாகவே சொல்லிவிடும். வேற்றுமை உருபு எதைச் சேர்த்தாலும் இடறாது: மரியாளுக்கு, மரியாளோடு, மரியாளிடம். பழைய வேதாகம மொழிபெயர்ப்பு முழுக்க இந்த வடிவம்தான். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில்தான் மரியா என்று எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பாடசாலையின் பெயர்ப்பலகையில் புனித மரியாள் கல்லூரி என்று இருக்கும்; வாயில் வருவது சென்ற் மேரிஸ். எழுத்துக்கு மரியாள், பேச்சுக்கு மேரி என்று ஊரே பிரித்து வைத்திருக்கிறது.

செபங்களில் வரும் வடிவம் இன்னொன்று. "மரியாயே வாழ்க" என்ற பழைய மங்கள வார்த்தையிலும் மரியாயின் சேனை என்ற சபைப் பெயரிலும் இருக்கும் மரியாய் என்பதைப் பிள்ளைக்கு யாரும் வைப்பதில்லை. அது மாதாவுக்கே உரியது. அயர்லாந்துக்காரரும் இப்படித்தான் பிரித்தார்கள்: முய்ரா என்பது தேவதாய்க்கு மட்டும், மோயிரா என்பது மற்றப் பெண்களுக்கு. போலந்து மொழியிலும் மாதாவுக்கு மரியாவிலிருந்து சற்று விலகிய தனி வடிவம் இருக்கிறது. பெரிய பெயரை அப்படியே எடுத்துப் பிள்ளையைக் கூப்பிடக் கூச்சப்பட்ட சனங்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள்.

மரியாளின் சிக்கல் கடைசி ள். ஆங்கிலத்தில் அதற்கென ஓர் எழுத்து இல்லை, எல் போட்டுத்தான் தீர வேண்டும். யா நீளம் என்பதைக் காட்ட ஒருவர் இரண்டு ஏ போடுவார், இன்னொருவர் ஒன்று போடுவார், மூன்றாமவர் வை போடுவதா ஐயோடு விடுவதா என்று யோசிப்பார். இந்த ஒரு பெயருக்கே நான்கு எழுத்துக்கூட்டல் சாதாரணமாக வரும். திரும்பத் தமிழுக்கு வரும்போது நிலைமை இன்னும் மோசம். எம், ஏ, ஆர், ஐ, வை, ஏ, எல் என்பதைக் கண்ட தெரியாத ஒருவர் அதை மறியல் என்று வாசிக்கக்கூடும். இலங்கைத் தமிழில் அந்தச் சொல் சிறையில் கொண்டுபோய் விடும். ஊரிலேயே இருந்து தமிழிலேயே வாழப்போகும் பிள்ளைக்கு மரியாள் மிக அழகான பெயர். வெளியே போகும் வாய்ப்பிருந்தால் இதை முதற்பெயராக வைக்கச் சொல்லமாட்டேன்.

மர்யம், மரியம், மிரியாம்

அரபியில் இந்தப் பெயர் நான்கே எழுத்து: மீம், றா, யா, மீம். றாவுக்கு உயிர் ஒலி இல்லை; ஆகவே மர், யம் என்று இரண்டே அசை. தமிழில் மர்யம் என்று எழுதுவது அதற்கு மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் ரகர மெய்யை அடுத்து யகரம் வருவது தமிழ் நாக்குக்கு இலகுவல்ல. நடுவில் ஓர் இகரம் தானாக நுழைந்து மரியம் ஆகிவிடும். பதிவாளரும் காதில் விழுந்தபடி மரியம் என்று எழுதிவிடுவார். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுபவர் இகரத்தையும் யகரத்தையும் சேர்த்துப் போடுவார். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஒரே வீட்டில் உம்மம்மாவுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், பேத்திக்கு இன்னொன்று என்று இருப்பது இதனால்தான்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு என் சிபாரிசு: தமிழில் மர்யம், ஆங்கிலத்தில் எம், ஏ, ஆர், வை, ஏ, எம். ஆறெழுத்து. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து நிற்கும். நடுவில் உள்ள இரண்டு ஏயும் அரபியில் எழுதாமல் விடும் குறில்கள். வளைகுடாவில் வதிவிட அட்டை அடிப்பவர் அதைக் கண்டதும் மறுயோசனை இல்லாமல் நான்கெழுத்தை எழுதுவார். வை இல்லாமல் ஐ போட்டு எழுதும் வடிவமும் அரபு நாடுகளிலேயே பரவலாக உள்ளது, அதிலும் கெடுதி இல்லை. ஐ, வை இரண்டையும் போடும் ஏழெழுத்து வடிவம்தான் அதிகம் சிதறும். பதிவாளரிடம் சொல்லும்போது "ரகரத்துக்குப் புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உருபு சேரும்போது ஒரு தடுமாற்றம் வரும். மகரத்தில் முடியும் ஆட்பெயர் தமிழில் அத்துச் சாரியை ஏற்பது வழக்கம். சுந்தரத்துக்கு என்பதுபோல மரியத்துக்கு. மர்யம் என்று எழுதுபவர்கள் பெயரை உடைக்காமல் மர்யமுக்கு என்பார்கள். இரண்டும் காதில் விழும், இரண்டும் செல்லும்.

துருக்கியில் மெர்யெம், பாரசீகத்தில் மர்யம். ஈரானில் நிலசம்பங்கிப் பூவுக்கும் மர்யம் பூ என்றே பெயர். ஆர்மீனியா, ஜோர்ஜியா நாடுகளின் கிறிஸ்தவர்களிடமும் மரியம்தான் வழக்கம். மலையாளக் கிறிஸ்தவர்கள் மறியம் என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறார்கள். ஆகவே மரியம் முஸ்லிம் பெயர் மட்டுமே என்று நினைத்து ஒதுக்கவேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஊரில் பெயரைக் கேட்டே சமூகத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் இருக்கிறது, கிறிஸ்தவக் குடும்பம் இதை வைத்தால் பிள்ளை எல்லா இடத்திலும் விளக்கம் சொல்லவேண்டிவரும். எழுத்துக்கூட்டலே சமூகத்தைக் காட்டிக்கொடுக்கும் ஊர் இது. முஸ்லிம் வீட்டில் பாத்திமா. அதே பெயர் போர்த்துக்கலில் மாதா காட்சியளித்த ஊர் வழியாகக் கத்தோலிக்கரிடம் வந்தால் பற்றிமா. கல்முனையில் கார்மேல் பற்றிமா கல்லூரி என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள்.

மிரியாம் மோசேயின் சகோதரி. யாத்திராகமத்தில் தம்புரு எடுத்துப் பாடியவர். வேர்ப்பெயர் அதுதான். ஆனால் தமிழில் யா நீளம், ஆங்கிலத்தில் குறுக்கம்; வாயில் மிரியம் என்றே வரும். தமிழ்ச் சான்றிதழில் கால் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்துக்கொண்டால் போதும்.

மரியன் என்று வைக்க நினைப்பவர்கள் ஒரு தடவை யோசியுங்கள். அன் விகுதி தமிழ்க் காதுக்கு ஆண்பால். படிவத்தை நிரப்புபவர் "செல்வன்" என்று போட்டுவிடுவார்.

மரியா

போர்த்துக்கீசர் 1624இல் கோணேசர் மலையில் கோட்டை கட்டிய காலத்திலிருந்தே அவர்கள் வாயில் இருந்த வடிவம் இது. பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் இன்றும் கேட்கலாம். போர்த்துக்கீச மொழியில் நடுவே வரும் ர், நாக்கு ஒரு தடவை தட்டும் ர்; தமிழ் இடையின ரகரமும் அதேதான். வேறு எந்த ஐரோப்பிய வடிவமும் தமிழ் வாயில் இவ்வளவு மாறாமல் அமர்வதில்லை. மேரியை ஆங்கிலேயர் சொல்வதும் நாங்கள் சொல்வதும் ஒன்றல்ல. மரியாவை லிஸ்பனில் சொன்னாலும் திருகோணமலையில் சொன்னாலும் ஏறக்குறைய ஒரே ஒலி.

எழுத்தில் இதன் பலம் ஐந்தே எழுத்து: எம், ஏ, ஆர், ஐ, ஏ. போர்த்துக்கல், ஸ்பெயின், இத்தாலி, ஜேர்மனி, ஒல்லாந்து, நோர்வே, சுவீடன் எங்கும் இதே ஐந்தெழுத்து. எங்கள் சனம் போய்க் குடியேறிய நாடுகள் சிலவும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிரான்சில் மரீ என்று இருந்தாலும் மரியாவை மரியா என்றே வாசிப்பார்கள். இங்கிலாந்தில் ரீயைச் சற்று நீட்டுவார்கள், அவ்வளவுதான். சிங்களத்திலும் மூன்றெழுத்தில் மரியா. சிங்களக் கத்தோலிக்கருக்கும் நன்கு பழக்கமான பெயர். அரபியில் முதலெழுத்து நீண்டு மாரியா ஆகும். நபிகளாரின் மகன் இப்றாஹீமின் தாயார் மாரியா கிப்திய்யா (ரழி) அவர்களின் பெயர் அது. அரபு நாட்டில் யாரும் விழிக்க மாட்டார்கள்.

மேரியோடு ஒப்பிட்டால் இதற்கு இன்னொரு வசதி, தனியே நிற்கும். ஊரில் மேரிகள் நிறைய, மரியாக்கள் குறைவு. அடையாளத்துக்கு இரண்டாம் பெயர் சேர்க்கவேண்டிய அவசியம் வராது. முன்பு போட்ட 39 இடக் கணக்கில் மேரி ஸ்ரெல்லா 11 இடம் பிடிக்கிறது. மரியா 5. நீளமான தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் உள்ள குடும்பங்களுக்கு இந்த 6 இட வித்தியாசம் பெரிய விஷயம்.

கூப்பிடவும் நன்றாக வரும். மரியாக்கா, மரியா ரீச்சர், மரியாட புத்தகம், மரியாவுக்குச் சொல்லு. எதைச் சேர்த்தாலும் பெயர் சிதையாது.

இப்போது குறைகள். முதலாவது, வை. தமிழில் யா என்ற எழுத்து கண்ணுக்குத் தெரிவதால், ஆங்கிலத்தில் எழுதுபவர் ஐக்கும் ஏக்கும் நடுவில் ஒரு வை செருகிவிடுவார். சிங்களத்திலிருந்து மாற்றுபவரும் அதே காரணத்தால் அதையே செய்வார். இது ஒன்றுதான் மரியாவின் உண்மையான பலவீனம், ஆனால் அடிக்கடி நடக்கும். மேரியிடம் இந்தக் கிளை இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கிளை இரண்டு மட்டும் என்பதும், அதை முதல் நாளிலேயே அடைத்துவிடலாம் என்பதும்தான் என் பதில்.

இரண்டாவது, கால். மரியதாஸ், மரியநாயகம் என்று ஆண்பெயர்களில் முன்னால் வரும் மரிய குறில். பெண்பெயரில் யா நெடில். கால் விடுபட்டால் பெயர் பாதியில் நிற்பதுபோல் ஆகிவிடும். பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரும் ஒட்டிக்கொண்டால் ஆண்பெயராகவே வாசிக்கப்படும். ரகரத்துக்குப் பதில் வல்லின றகரம் விழுவதும் உண்டு, குறிப்பாகக் கையெழுத்துப் பதிவுகளில்.

மூன்றாவது, கடைசியில் எச் சேர்க்கும் ஆசை. ஆங்கிலத்தில் எச் சேர்த்தால் அது மரையா என்று ஒலிக்கும் வேறு பெயர். அலங்காரத்துக்காக அதைத் தொடவே வேண்டாம்.

எழுத்தைப் பூட்டி வைக்கும் முறை

பிறப்பு நடந்து 3 மாதத்துக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் காலங்கடந்த பதிவு, கூடுதல் கடதாசி, கூடுதல் அலைச்சல். பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றை எழுதிவிடாதீர்கள். பெயரில்லாமல் பதிந்து, பிறகு விண்ணப்பித்துப் பெயர் சேர்க்க வழி இருக்கிறது. எழுதிய பெயரை மாற்றுவதைவிட இல்லாத பெயரைச் சேர்ப்பதில் மனஉளைச்சல் குறைவு.

ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் மரியா, அதன் கீழ் சிங்களத்தில், அதன் கீழ் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஐந்தெழுத்து. இதைப் பல பிரதி எடுத்து வைத்துக்கொண்டு போகும் இடமெல்லாம் கொடுங்கள், வாயால் சொல்லி எழுதவிட வேண்டாம். பதிவாளர் எழுதி முடித்ததும் கையெழுத்து வைக்க முன் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ரி இடையினமா, யாவுக்குக் கால் இருக்கிறதா, கடைசியில் தேவையில்லாத ள் ஒட்டியிருக்கிறதா, தகப்பன் பெயரோடு இடைவெளி இருக்கிறதா. பதிவாளரும் நீங்களும் ஒரே மேசையில் இருக்கும்போது கண்ட பிழை அங்கேயே தீரும்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டையும் விட்டுவிடக்கூடாது. பதிவில் மரியா, கோயில் புத்தகத்தில் மேரி என்று இருப்பது சர்வசாதாரணம். சுவாமியார் பழக்கத்தில் எழுதியிருப்பார். யாருக்கும் அது அப்போது தெரியாது. திருமணத்துக்காக ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுக்கும்போதுதான் வெளியே வரும். நாமவிழா கொண்டாடும் வீடுகளுக்கு ஒரு தகவல்: மரியாவின் திருப்பெயர் விழா செப்டெம்பர் 12. இடையில் நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டு 2002இல் திரும்பச் சேர்க்கப்பட்டது. எந்த வடிவத்தில் பெயர் இருந்தாலும் அந்த நாள் பொருந்தும்.

பிள்ளையின் தடுப்பூசி விபரம் எழுதும் கிளினிக் கொப்பி சட்டச் சான்றல்ல. ஆனாலும் முன்பள்ளியில் பெயர் எழுதும்போது பலர் அதைத்தான் நீட்டுகிறார்கள். அதில் தாதி எழுதிய ஆங்கில எழுத்து முன்பள்ளிக்குப் போய், அங்கிருந்து தரம் ஒன்றுக்குப் போய், அப்படியே பரீட்சை விண்ணப்பம் வரைக்கும் நடந்து போகும். ஆங்கிலத்தில் முதன்முதல் எழுதப்பட்ட இடம்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் தாய். சிறு வயதிலேயே கடவுச்சீட்டு எடுத்த பிள்ளை என்றால் கடவுச்சீட்டே தாய், அதன் பிரதியைப் பள்ளிக்கூடக் கோப்பில் போட்டு வையுங்கள். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, அதிபரோ கிராம உத்தியோகத்தரோ உறுதிப்படுத்தும் படிவத்தில் ஆங்கில எழுத்தைப் பிள்ளையே தன் கையால் நிரப்பட்டும். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்திலும் அதே எழுத்து.

ஏற்கனவே வை விழுந்துவிட்டதென்றால் எல்லாவற்றையும் திருத்த ஓடாதீர்கள். எத்தனை ஆவணத்தில் எது இருக்கிறது என்று எண்ணுங்கள். அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் வை இருந்தால் ஆறெழுத்தோடு நிம்மதியாக வாழலாம். பெயருக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்றில் ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த ஒன்றை மாற்றுங்கள். பெரும்பாலும் புதுப்பிக்கும்போது மாற்றுவதுதான் இலகு. பரீட்சைச் சான்றிதழே விலகி நிற்பதானால் கொழும்புப் பயணத்துக்கு ஆயத்தமாக இருங்கள்.

தமிழ்ப் பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பாதை வேறு. உங்கள் பிரதேச செயலகத்தில், நகரத்தவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். எழுத்துப் பிழை திருத்தமும் பெயர் மாற்றமும் வெவ்வேறு விண்ணப்பங்கள். மரிய என்று விழுந்ததற்குக் கால் சேர்ப்பது திருத்தம் என்று வாதிடலாம். மேரியை மரியாவாக்குவது பெயர் மாற்றம். அதற்குக் காரணமும் ஆதாரமும் கேட்பார்கள். பிள்ளை சிறுவயதிலிருந்தே அந்தப் பெயரில் அறியப்பட்டதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, கிளினிக் கொப்பி மூன்றையும் மூலப்பிரதியோடு கொண்டு போங்கள். சட்டச் சான்றல்ல என்று மேலே சொன்ன கொப்பி இந்த இடத்தில் உதவும், ஏனென்றால் திகதி வாரியாகப் பெயர் எழுதப்பட்ட மிகப் பழைய கடதாசி பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.